இருபது, இருபது, பன்னிரண்டு

விளையாட்டு மைதானத்தில் நடுவர் சொல்வதே முடிவு என்பதை நீதிமன்றங்கள் மதித்து நடக்கின்றன; அதில் நியாயம் இருக்கிறது. கபடியில் பாடிப்போனவர் கோட்டை மிதித்தாரா, வாலிபாலில் பந்து உள்ளே விழுந்ததா என்பதையெல்லாம் ஒவ்வொன்றாக வழக்காக்கினால் எந்தப் போட்டிக்கும் முடிவே இருக்காது. பக்கத்தில் நின்று பார்த்தவருக்குத் தெரியாதது, பல மாதம் கழித்துக் கட்டைப் புரட்டுகிற நீதிபதிக்குத் தெரிந்துவிடும் என்று எதிர்பார்ப்பதும் சரியில்லை. ஆனாலும் நடுவரின் பார்வைக்கு முந்திய ஒன்று இருக்கிறது. எந்தக் கோட்டைப் பார்த்து அவர் கொடியை உயர்த்துகிறாரோ, அந்தக் கோடு விதி சொன்ன இடத்தில் இருந்தாக வேண்டும். வட்டு கோட்டுக்கு எந்தப் பக்கம் விழுந்தது என்பது நடுவரின் தீர்மானம். கோடு எங்கே இருக்க வேண்டும் என்பது விதியின் தீர்மானம், அதை நடுவர்கூட மாற்ற முடியாது. இந்த வேறுபாட்டை மட்டும் பிடித்துக்கொண்டு நான் நடத்திய வழக்கு ஒன்று உண்டு. பெரிய தொகை சம்பந்தப்பட்ட வழக்குகள் எத்தனையோ வந்து போயின. இதைப்போல மனதில் தங்கியது வேறொன்றும் இல்லை.

தென்மாவட்டம் ஒன்றில் பள்ளி மாணவிகளுக்கான மாவட்டத் தடகளப் போட்டி. வட்டு எறிதலில் முதல் இரண்டு இடம் பெறுகிறவர்கள் மாநிலப் போட்டிக்குப் போவார்கள் என்பது அன்றைய ஏற்பாடு. மாநில அளவில் இடம் பிடித்தால் கிடைக்கும் சான்றிதழ், கல்லூரிச் சேர்க்கையில் விளையாட்டுப் பிரிவுக்கென ஒதுக்கிய இடத்தைக் கேட்க உதவும். என் கட்சிக்காரர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புப் படித்த பெண், அப்பா கொத்தனார். அவள் எறிந்தவற்றில் மிக நீளமாகப் போன வட்டு இடப்பக்கக் கோட்டை ஒட்டி வெளியே விழுந்தது. கோட்டருகே நின்ற நடுவர் சிவப்புக் கொடி காட்டினார். ஃபவுல் என்றால் அளக்க மாட்டார்கள். அவளுடைய உடற்கல்வி ஆசிரியர் ஓடிப்போய், வட்டு மண்ணில் பதிந்த குழியின் விளிம்பில் ஒரு முளையை அறைந்துவிட்டு, அளந்து மட்டுமாவது வையுங்கள் என்று கேட்டார். மறுத்துவிட்டார்கள். மற்ற எறிகளில் அவளுக்கு அதிகபட்சம் 34.60 மீட்டர். முதல் இடம் 36.82, இரண்டாம் இடம் 35.15. அவள் மூன்றாவது.

வட்டு எறிதலின் நிலம் எப்படி அமைகிறது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. எறிபவர் 2.50 மீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள் நின்று சுழன்று எறிகிறார். அந்த வட்டத்தின் மையத்திலிருந்து கிளம்புவதுபோல இரண்டு வெள்ளைக் கோடுகள் விரிந்து போகும். அவற்றுக்கு நடுவே உள்ள நிலத்தை எல்லோரும் செக்டார் என்பார்கள். வட்டு அதற்குள் விழ வேண்டும். முதலில் தரையைத் தொடும்போது கோட்டின் மேல் பட்டாலும் அது தவறிய எறிதான். இரு கோடுகளுக்கும் இடையிலான கோணம் முன்பு 40 டிகிரியாக இருந்து, பிற்பாடு 34.92 டிகிரியாகக் குறைக்கப்பட்டது. 34.92 என்ற எண்ணைப் பார்த்தால் யாருக்கும் மலைப்பு வரும். எந்தக் கோணமானியை வைத்து மைதானத்தில் இதைப் போடுவது? அதற்கு விதிப்புத்தகமே வழி சொல்கிறது. வட்டத்தின் மையத்திலிருந்து ஒவ்வொரு கோட்டின் மீதும் 20 மீட்டரில் ஒரு புள்ளி வையுங்கள். அந்த இரு புள்ளிகளுக்கும் இடையே 12 மீட்டர் இருந்தால் கோணம் சரி. 5 சென்டிமீட்டர் கூடவோ குறையவோ இருக்கலாம். பக்கங்கள் 20, 20, 12 என்ற முக்கோணம் ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும் என்பதால், டேப்பைத் தவிர வேறு கருவி வேண்டாம்.

அந்த ஆசிரியருக்கு இது மனப்பாடம். அன்று மாலை மைதானம் காலியான பிறகு, பெண்ணின் அப்பாவை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி அளந்திருக்கிறார். இரு கோடுகளிலும் 20 மீட்டரில் குறி வைத்து, குறுக்கே இழுத்தால் 11.49 மீட்டர். விதி அனுமதிக்கும் பிசகு 5 சென்டிமீட்டர். இங்கே குறைந்தது 51 சென்டிமீட்டர். செக்டார் ஒடுங்கிப்போயிருந்தது.

முடிவின் மீது ஆட்சேபம் இருந்தால், அறிவித்த 30 நிமிடத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது தடகள விதி. நல்ல விதிதான், அது இல்லாவிட்டால் பரிசளிப்பு முடிந்த பிறகும் தகராறு ஓயாது. ஆனால் செக்டாரை அளக்க வேண்டுமானால் நிலம் காலியாக இருக்க வேண்டும். போட்டி நடக்கும்போது உள்ளே டேப்பை விரிக்க எவரும் விட மாட்டார்கள், விடவும் கூடாது. அடுத்தடுத்து மாணவர் பிரிவும் அதே இடத்தில் நடந்ததால் நிலம் காலியானது மாலையில். அதற்குள் 30 நிமிடம் முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. ஆசிரியர் கையால் எழுதி நீட்டிய காகிதத்தை, காலம் கடந்தது என்ற ஒரே காரணத்துக்காக வாங்க மறுத்துவிட்டார்கள். குறையைக் கண்டுபிடிக்க வழியில்லாத நேரத்தில் குறையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு விதி கேட்டால், அந்த விதி அந்தக் குறையைப் பொறுத்தவரை இல்லாததற்குச் சமம் என்பதே பின்னால் நான் வைத்த வாதம்.

உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். அங்கே பெரும்பாலும் பிரமாணப் பத்திரங்களைப் படித்துத்தான் முடிவெடுப்பார்கள், 11.49 என்று நாங்கள் எழுதுவோம், 12 என்று அவர்கள் எழுதுவார்கள், தகராறான உண்மைகளுக்குள் ரிட் நீதிமன்றம் போகாது என்று மனு திரும்பி வரும். எங்களுக்கு வேண்டியது மைதானத்துக்குப் போய் டேப்பைப் பிடிக்கும் ஓர் ஆள். அதைத் தரக்கூடியது ஊரிலேயே இருந்த உரிமையியல் நீதிமன்றம், பேச்சுவழக்கில் முன்சீப் கோர்ட். 1908 உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 26ஆம் கட்டளை 9ஆம் விதிப்படி, தகராறுக்குரிய இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தர ஒரு வழக்கறிஞரை ஆணையராக அனுப்பலாம். வரப்புத் தகராறிலும் பொதுச்சுவர் தகராறிலும் நாங்கள் அன்றாடம் கேட்பதுதான் இது. செக்டாருக்கு யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அவசரம் வேறு இருந்தது. ஐப்பசி மாதம், வடகிழக்குப் பருவமழை எந்த நாளும் இறங்கலாம்; கோடு போட்டது சுண்ணாம்புத் தூளால். ஒரு நல்ல மழைக்கு எங்கள் வழக்கின் முதல் சாட்சி கரைந்துவிடும். ஆனால் போட்டியை நடத்திய குழுவின் தலைவர் அரசு அதிகாரி. அரசு அதிகாரி பதவி முறையில் செய்த செயலுக்காக வழக்குப் போட அதே நடைமுறைச் சட்டத்தின் 80ஆம் பிரிவின்படி இரண்டு மாதம் முன்னறிவிப்புத் தர வேண்டும். இரண்டு மாதத்தில் மழையும் முடிந்திருக்கும், மாநிலப் போட்டியும் முடிந்திருக்கும். நல்லவேளையாக, 1976இல் செய்த திருத்தம் ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது: உடனடித் தீர்வு தேவை என்று நீதிமன்றம் ஏற்றால் முன்னறிவிப்பில்லாமலே வழக்கைக் கோப்பில் எடுக்கலாம். பெண் பதினெட்டு வயது நிரம்பாதவள் என்பதால் அப்பா அவள் சார்பில் வழக்குரையில் கையெழுத்திட்டார். அனுமதி மனு, ஆணையர் மனு, இடைக்கால மனு மூன்றையும் சேர்த்துக் காலையில் தாக்கல் செய்தோம். மாலையில் ஆணையர் நியமனமாகிவிட்டார். தேடப்படும் சான்று அழியக்கூடியது என்ற ஒரு வரிதான் அந்த நீதிபதியை அசைத்தது.

ஆணையராக வந்தவர் பார் கவுன்சிலில் பதிவு செய்து சில வருடமே ஆன இளைஞர். என்னிடமோ எதிர்த்தரப்பிடமோ பாடம் கேட்கக் கூடாது என்ற கூச்சம் அவருக்கு. பாராட்ட வேண்டிய கூச்சம். ஆனால் வெறும் நீளங்களை வைத்து ஒரு கோணம் சரியா என்று எப்படி உறுதியாகச் சொல்ல முடியும் என்பது அவருக்குப் புரியவில்லை. எதிர்த்தரப்பு வழக்கறிஞரும் உடனிருக்கும்போது அதை வாய்விட்டே கேட்டார். பதில் சொன்னவர் கொத்தனார்தான். பக்கத்திலிருந்த வாலிபால் தளத்தைக் காட்டி, “ஐயா, இதுல நாலு பக்கமும் அளந்து பாருங்க, பதினெட்டு, ஒம்பது, பதினெட்டு, ஒம்பதுன்னு சரியா வரும். அதுக்காக மூலை சரின்னு சொல்லிட முடியாது. மூலைக்கு மூலை பிடிச்சாத்தான் தெரியும்” என்றார்.

பிடித்துப் பார்த்தார்கள். 18க்கு 9 தளத்தில் மூலைவிட்டம் 20.12 மீட்டர் வர வேண்டும். ஒரு மூலைவிட்டம் அதைவிடக் கூடவும் மற்றது குறையவும் இருந்தது. நான்கு பக்கமும் சரியாக இருந்த தளம் லேசாகச் சாய்ந்து நின்றது. நாற்கரம் பக்க அளவு மாறாமலே சாயும், முக்கோணத்துக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது என்பதை அந்த இளைஞர் தன் கண்ணால் பார்த்துக்கொண்டார். அறிக்கையில் இதற்கு இடமில்லை என்றாலும், அதற்குப் பிறகு அவர் அளந்த விதத்தில் தயக்கம் இல்லை.

அவருடைய அறிக்கை ஒன்றரைப் பக்கம். மையத்திலிருந்து கோடுகளின் வழியே 20 மீட்டரில் குறுக்களவு 11.49. அதோடு எதிர்த்தரப்பு கேட்டுக்கொண்டபடி, வட்டத்தின் மையத்திலிருந்து நேர் நடுவே 20 மீட்டர் போய் அங்கே அகலத்தையும் அளந்திருந்தார்: சரியாக 12 மீட்டர். முளை மையத்திலிருந்து 39.40 மீட்டரில், இடக்கோட்டின் உள்விளிம்பிலிருந்து 22 சென்டிமீட்டர் வெளியே. பிறகு, இரு பக்கமும் 20 மீட்டர், குறுக்கே 12 மீட்டர் என்று நூல் பிடித்து அதே நடு அச்சில் புதிதாக ஒரு செக்டாரை அமைத்து, நூலை முளைவரை நீட்டிப் பார்த்திருந்தார். முளை நூலுக்கு 30 சென்டிமீட்டர் உள்ளே இருந்தது.

எதிர்த்தரப்பின் முதல் வாதம் இந்த 12இல்தான் நின்றது. அது வலுவான வாதம். கோட்டைப் போட்டவர் இன்னொரு பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். சாட்சிக் கூண்டில் அவர் சொன்னதை நான் ஒரு வார்த்தை விடாமல் நம்பினேன். வட்டத்தின் மையத்திலிருந்து, வட்டத்தைச் சுற்றி நிற்கும் பாதுகாப்புக் கூண்டு வலையின் வாய்க்கு நேர் நடுவே ஒரு நூல் பிடித்து 20 மீட்டர் அளந்தேன், அந்த முனையில் 3, 4, 5 முறையில் செங்கோணம் எடுத்தேன், இரு பக்கமும் 6, 6 மீட்டர் வைத்தேன், ஆக 12. அங்கிருந்து மையத்துக்குக் கோடு இழுத்தேன். இதில் எங்கே தவறு? செங்கோணத்தைக்கூட முக்கோணம் வைத்துச் சரிபார்த்த மனிதர் அவர். பெரும்பாலான இடங்களில் கண்மட்டத்தில் கோடு போடுகிறார்கள். இவர் வெயிலில் நின்று டேப்போடு போட்டிருக்கிறார். போதாக்குறைக்கு, மையத்திலிருந்து அளக்கும் ஒவ்வொரு மீட்டருக்கும் குறுக்களவு 60 சென்டிமீட்டர் கூடும் என்று விதியின் அடுத்த வாக்கியமே சொல்கிறது. 20 மீட்டர் தள்ளி 12 மீட்டர் அகலம். எங்கள் கோடும் அதைத்தானே காட்டுகிறது என்றார் எதிர்த்தரப்பு வழக்கறிஞர்.

விடை, 20ஐ எந்த வழியாக அளந்தோம் என்பதில் இருக்கிறது. விதி 20 மீட்டரைக் கோட்டின் மீது வைக்கச் சொல்கிறது. அவர் நடு அச்சின் மீது வைத்தார். விதியின் முக்கோணத்தில் 20 என்பது இரு சாய்ந்த பக்கங்கள். அவருடைய முக்கோணத்தில் 20 என்பது உயரம். உயரம் 20, அடிப்பக்கம் 12 என்றால் சாய்ந்த பக்கம் 20 ஆக இருக்க முடியாது, 20.88 ஆகிவிடும். முனை அவ்வளவு தள்ளிப்போனதும் கோணம் சுருங்கிவிடுகிறது. இதையெல்லாம் நான் சொன்னபோது நீதிபதி குறுக்கிட்டு, “வக்கீல் சார், நீங்க சொல்றதும் பன்னிரண்டு, அவர் சொல்றதும் பன்னிரண்டு. ரெண்டு வாசிப்பில் எது சரின்னு விதியை வச்சே எப்படிச் சொல்றது?” என்று கேட்டார். வழக்கு முழுவதிலும் கேட்கப்பட்ட மிகச் சரியான கேள்வி அது.

விதியே 34.92 என்ற எண்ணைத் தந்திருக்கிறது என்றேன். எந்த வாசிப்பு அந்த எண்ணுக்குக் கொண்டு சேர்க்கிறதோ அதுதான் விதியின் வாசிப்பு. பாதிக் கோணத்துக்கு, பக்கவாட்டில் 6, சாய்பக்கம் 20 என்றால் சைன் மதிப்பு 0.3, உயரம் 20 என்றால் டான்ஜென்ட் மதிப்பு 0.3. நீதிபதி என் பேச்சை நம்பவில்லை, நம்பவும் தேவையில்லை. கிளார்க் கணித அட்டவணைப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி, மேசையிலேயே புரட்டினார். சைன் 0.3க்கு 17 டிகிரி 27 நிமிடத்தை ஒட்டி வந்தது; இரட்டித்தால் 34.9. டான்ஜென்ட் 0.3க்கு 16 டிகிரி 42 நிமிடம், இரட்டித்தால் 33.4. ஒன்றரை டிகிரி வித்தியாசம். வட்டத்தருகே அது கண்ணுக்கே தெரியாது. 40 மீட்டர் தூரத்தில் பக்கத்துக்கு அரை மீட்டருக்கு மேல் நிலத்தைத் தின்றுவிடுகிறது. நீளமாக எறிகிறவருக்கு அதிக இழப்பு, குட்டையாக எறிகிறவருக்குக் குறைந்த இழப்பு. போட்டியில் யாரைக் கண்டுபிடிக்க நினைக்கிறோமோ அவரையே இந்தப் பிழை அதிகமாகத் தண்டிக்கிறது.

அடுத்து வந்த வாதத்தை நான் இன்றும் மெச்சுகிறேன். செக்டாரின் அகலத்தை விதி சொல்கிறது, சரி. அது எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லையே? இடக்கோட்டை இப்போதுள்ள இடத்திலேயே வைத்துவிட்டு, வலக்கோட்டை மட்டும் நகர்த்தினாலும் 34.92 வந்துவிடும்; அப்போது முளை வெளியேதான் இருக்கும். ஆணையர் நடு அச்சைப் பிடித்தது அவர் இஷ்டம் என்றார் எதிர்த்தரப்பு வழக்கறிஞர். கணக்குப்படி அவர் சொன்னது உண்மை. வலக்கோட்டை நிறுத்தி இடக்கோட்டை நகர்த்தினால் முளை 80 சென்டிமீட்டருக்கு மேல் உள்ளே வரும். நடு அச்சைப் பிடித்தால் 30 சென்டிமீட்டர் உள்ளே. இடக்கோட்டை நிறுத்தினால் மட்டுமே வெளியே. மூன்றில் எதை எடுப்பது என்பதைக் கணக்கு சொல்லாது, சாட்சியம்தான் சொல்ல வேண்டும். கோட்டைப் போட்டவரின் வாக்குமூலத்தைத் திரும்ப வாசித்தேன்: கூண்டு வலையின் வாய்க்கு நேர் நடுவே நூல் பிடித்தேன். அவர் போட நினைத்த செக்டாரின் அச்சு எது என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி கிடையாது. நீதிபதி அதைத் தனியாகக் குறித்துக்கொண்டார்.

முதலிடம் பெற்ற பெண்ணையும் இரண்டாமிடம் பெற்ற பெண்ணையும் வழக்கில் சேர்த்திருந்தோம். முடிவு மாறினால் பாதிக்கப்படுகிறவர் தரப்பைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. சட்டமும் அதையே சொல்கிறது. ஆனால் சட்டத்துக்காக மட்டும் நான் அதைச் செய்யவில்லை. அந்த இரு பெண்களும் எந்தத் தவறும் செய்யவில்லை. அதே ஒடுங்கிய நிலத்தில்தான் அவர்களும் எறிந்தார்கள், அவர்களுடைய வட்டு உள்ளே விழுந்தது. முதலிடம் பெற்றவளின் அப்பா டீக்கடைத் தொழிலாளி. வழக்கறிஞர் வைக்கவில்லை, சம்மனை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நீதிபதி கேட்டதும், “ஐயா, அந்தப் பிள்ளையும் போகட்டுங்க. எங்க பிள்ளை பேரை மட்டும் எடுத்துடாதீங்க” என்றார். எங்கள் மனுவும் அதையே கேட்டது: பதக்கம் வேண்டாம், எவருடைய இடமும் வேண்டாம், மூன்றாவது ஆளாக இவளையும் மாநிலப் போட்டிக்கு அனுப்புங்கள். மூன்று பெண்களின் வீட்டாருக்கும் ஆட்சேபம் இல்லாத ஒன்றுக்கு, இரண்டு பேர்தான் என்ற வரம்பை மட்டும் காட்டி ஏற்பாட்டுக் குழு சம்மதிக்கவில்லை.

இடைக்கால மனுவில் நாங்கள் தோற்றோம். இறுதியில் கேட்கும் தீர்வையே இடைக்காலத்தில் கொடுத்துவிடக் கூடாது என்பது நீதிமன்றங்கள் பின்பற்றும் நெறி. மாநிலப் போட்டிக்கு அனுப்பிவிட்டால் வழக்கில் தீர்மானிக்க மிச்சம் என்ன இருக்கும் என்பது அதன் தர்க்கம். அனுப்பாவிட்டாலும் மிச்சம் எதுவும் இருக்காது என்று நான் வாதிட்டேன். மறுநாள் ஓடப்போகும் ரயிலுக்கு இரண்டு வருடம் கழித்துக் கொடுக்கும் டிக்கெட் அது என்றும் சொன்னேன். நீதிபதி பொறுமையாகக் கேட்டார். ஒரே ஒரு தடையை அவரால் தாண்ட முடியவில்லை. அந்த எறி போட்டியில் அளக்கப்படவில்லை. ஆணையர் அளந்ததைக் கொண்டு மையத்திலிருந்து 39.40இல் வட்டத்தின் ஆரம் 1.25ஐக் கழித்தால் 38.15 மீட்டர் வருகிறது, முதலிடத்தைவிட அதிகம். ஆனால் அது நீதிமன்ற ஆவணத்தில் உள்ள எண், போட்டிப் பதிவேட்டில் உள்ள எண் அல்ல. முளை அசைக்கப்பட்டதா இல்லையா என்பதே முழு விசாரணையில்தான் தெரியும் என்று எழுதி மனுவைத் தள்ளினார். அன்று கொடி காட்டிய கையோடு டேப்பையும் பிடித்திருந்தால், அந்த எறி ஆட்சேபத்துக்கு உட்பட்டது என்று குறிப்பெழுதி வைத்திருந்தால், இந்த ஓட்டை இருந்திருக்காது. அப்படி அளந்து வைக்கத் தடகள விதியே இடம் தருகிறது. எறிந்தவர் அந்த இடத்திலேயே வாய்மொழியாக ஆட்சேபித்தால் நடுவர் அளக்கச் சொல்லலாம். பதினாறு வயதுப் பெண்ணுக்கு அது தெரிந்திருக்கவில்லை. ஆசிரியர் கேட்டார், ஆனால் ஆட்சேபிக்க வேண்டியவள் அவள்தான் என்று சொல்லி மறுத்துவிட்டார்கள்.

மாநிலப் போட்டி முடிந்தது. வழக்கு மட்டும் நடந்துகொண்டிருந்தது. இதற்கிடையில், ஆணையர் அறிக்கையைக் காரணம் காட்டி, கோட்டைப் போட்ட ஆசிரியருக்கு அவருடைய துறை அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளின் 17 (அ) பிரிவில் குறிப்பாணை கொடுத்தது. சிறு தண்டனைக்கான பிரிவுதான். ஆனால் ஊதிய உயர்வு நின்றால் பணிமூப்பு, பதவி உயர்வு என்று வரிசையாகத் தட்டும். அவருடைய விளக்கத்தோடு இணைத்துக்கொள்ள, நீதிமன்றத்தில் அவர்மீது உள்நோக்கம் எதையும் நாங்கள் சாட்டவில்லை என்பதற்கு வழக்குரையின் நகலை நானே கொடுத்தனுப்பினேன். வாதி தரப்பு வழக்கறிஞர் பிரதிவாதி சாட்சிக்கு இப்படி உதவலாமா என்று கேட்டவர்கள் உண்டு. அவர் விதியைப் படித்தார், டேப்பைப் பிடித்தார், உண்மையைச் சாட்சிக் கூண்டில் மறைக்காமல் சொன்னார். அவர் சொன்ன அந்த உண்மையை வைத்துத்தான் எங்கள் வழக்கே நின்றது. பொய் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பார். கடைசியில் கண்டனத்தோடு விட்டார்கள்.

இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு தீர்ப்பு வந்தது. முளை அதே இடத்தில்தான் இருந்தது என்பதை, கொடி காட்டிய நடுவரும் முளையும் சேர்ந்து தெரியும் ஒரு கைபேசிப் படத்தைக் கொண்டு நீதிபதி ஏற்றார். அன்றைய செக்டார் விதிப்படி அமையவில்லை என்று அறிவித்தார். நடுவரின் முடிவுக்குள் போகவில்லை, நடுவர் நின்ற நிலத்துக்குள்தான் போகிறேன் என்று எழுதினார். நாங்கள் முதல் நாள் வைத்த வாதம் அது. 30 நிமிட விதி, போட்டி முடியும்வரை அறிய முடியாத நிலக்குறைக்குப் பொருந்தாது என்றார். ஆனால் அளக்கப்படாத எறியை அளக்கப்பட்டதாகக் கொண்டு இடம் அறிவிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று அந்தக் கோரிக்கையை நிராகரித்தார். செலவுத்தொகை அவரவர் பொறுப்பு. கடைசிப் பத்தியில், எங்கள் மாற்றுக் கோரிக்கையை ஏற்று ஓர் உத்தரவு: இனி அந்தக் குழு நடத்தும் எறி போட்டிகள் ஒவ்வொன்றுக்கும் முன்னால், கலந்துகொள்ளும் பள்ளிகளின் ஆசிரியர்கள் முன்னிலையில் செக்டாரை அளந்து, மூன்று அளவுகளையும் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

தீர்ப்பு நகலை வாங்கப் பெண்ணின் அப்பா மட்டும் வந்தார். மகள் பள்ளிப் படிப்பை முடித்து, சாதாரணப் பிரிவில் கிடைத்த இடத்தில் பாலிடெக்னிக்கில் சேர்ந்திருந்தாள். வயதுப் பிரிவு கடந்துவிட்டது, வட்டை விட்டுவிட்டாள். மேல்முறையீடு செய்யலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். எதிர்த்தரப்பும் செய்யவில்லை, ஆகவே அந்த உத்தரவு நிலைத்தது, பதிவேடும் வந்தது.

உடற்கல்வி ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். போட்டி தொடங்கும் முன் ஒரு டேப்பை எடுத்துப் போங்கள். வட்டு, குண்டு, சம்மட்டி எறிதலுக்கு மையத்திலிருந்து கோட்டின் வழியே 20, மறுகோட்டின் வழியே 20, குறுக்கே 12. ஈட்டி எறிதலுக்கு 20, 20, 10. ஈட்டிக்கு ஓடிவரும் பாதையின் முனையிலுள்ள வில்லுக்கு 8 மீட்டர் பின்னால் இருக்கும் மையப் புள்ளியிலிருந்து அளக்க வேண்டும். 20ஐ நடுவே அளக்காதீர்கள், கோட்டின் மீது அளங்கள். தவறாக இருந்தால் முதல் எறிக்கு முன்பே சொல்லுங்கள். கொடி உயர்ந்த பிறகு சந்தேகம் வந்தால், எறிந்த பிள்ளையையே வாய்திறந்து ஆட்சேபிக்கச் சொல்லி, அந்த எறியை அளந்து எழுத வையுங்கள்.